பனியில் சறுக்கி மோதிய சில்லும், அதைத் திருத்திய ஸ்காபரோத் திருத்தகமும்

பாதையோர விளிம்புக் கல்லில் மோதிய என் ஹொண்டா வாகனத்தைப் பார்த்த எல்லோரும் முதலில் குனிந்து றிம்மைத்தான் பார்த்தார்கள். வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், அயலவர் பார்த்தார், பேரங்காடிக்கு அருகிலிருந்த ரயர் கடைக்காரரும் அதையே பார்த்தார். றிம்மைத் திரும்பியும் பார்க்காமல் ஓட்டுநர் கதவைத் திறந்து, ஸ்ரியறிங் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்தவர் ஒருவர் மட்டுமே. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் தொழிற்பேட்டை ஒன்றில், வரிசையாக நிற்கும் கதவுகளில் ஒன்றுக்குப் பின்னால் திருத்தகம் நடத்திவரும் அந்த யாழ்ப்பாணத்துக்காரருடைய வேலையைப் பற்றியதே இந்த மதிப்புரை. அவர்மீது எனக்குள்ள குறைகளையும் மறைக்காமல் எழுதப்போவதால், திருத்தகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நடந்தது இதுதான். கடந்த ஜனவரியில் ஒரு நாள், பகலில் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே ஏறி, ஓரத்தில் குவிந்திருந்த பனி உருகித் தெருவில் ஓடியது. மாலையில் மெல்லிய உறைமழை தூறியது. இரவில் எல்லாம் சேர்ந்து இறுகிவிட்டது. மறுநாள் காலை தார்ப்பாதை ஈரமாக இருப்பதுபோலத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் இறக்கமும் இடப்பக்க வளைவும் சேர்ந்து வரும் ஓரிடம் உண்டு. அங்கே மணிக்கு 30 கிலோமீற்றருக்கும் குறைவான வேகத்தில் பிறேக்கை மிதித்தேன். காலடியில், சில்லு இறுகிவிடாமல் காக்கும் ஏபிஎஸ் படபடத்ததே தவிர வாகனம் வேகம் குறையவில்லை. முன்பக்கம் வளையாமல் நேரே போய், முன் வலச் சில்லு கல்லில் இடித்தது. அடுத்த கணம் பின்பக்கம் வீசித் திரும்பி, பின் வலச் சில்லும் அதே கல்லில் மோதியது. நல்ல பனிக்கால ரயர்கள் பூட்டியிருந்தும் இப்படியா என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன கணக்கு எளியது. உலர்ந்த தார்ப்பாதையில் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.7 என்றால், 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் பிறேக் பிடித்தபின் ஐந்து மீற்றரில் நின்றுவிடும். ஈரம் படிந்த பனிக்கட்டியில் அது 0.1 அளவுக்கு இறங்கிவிட்டால், அதே வாகனம் நிற்பதற்கு 35 மீற்றர் வேண்டும். எனக்குக் கிடைத்தது பத்து மீற்றர்.

இறங்கிப் பார்த்தபோது பெரிதாக எதுவும் தெரியவில்லை. முன் றிம்மின் விளிம்பில் கை நீளத்துக்கு உரசல், பின் றிம்மில் அதைவிடச் சிறிய உரசல், காற்று இறங்காத ரயர்கள், எரியாத எச்சரிக்கை விளக்குகள். இந்த வகை மோதலில் றிம் ஏன் இவ்வளவு எளிதாக அடிபடுகிறது என்பதைப் பின்னர் திருத்தகத்தில் நாடாவை வைத்து அளந்து காட்டினார்கள். என் ரயரின் அளவு 215/55ஆர்16; அதாவது பக்கச் சுவரின் உயரம் 215 மில்லிமீற்றர் அகலத்தில் 55 வீதம், 118 மில்லிமீற்றர்; வாகனத்தின் பாரத்தில் அது நிலத்தோடு இன்னும் சற்று நசுங்கியிருக்கும். விளிம்புக் கல்லோ ஏறக்குறைய 150 மில்லிமீற்றர் உயரம். ஆகவே பக்கவாட்டில் சறுக்கிப் போகும்போது கல்லின் மேல் விளிம்பு இறப்பரைத் தாண்டி நேரடியாக உலோகத்தில் இடிக்கிறது. குழியில் விழுந்தால் அடி கீழிருந்து மேலே வரும், அதைத் தாங்குவதற்கு ஸ்பிரிங் இருக்கிறது; பக்கத்திலிருந்து வரும் அடியைத் தாங்க ஸ்பிரிங் எதுவும் இல்லை. அது றிம், றிம் பூட்டப்படும் ஹப், அது சுழல உதவும் பெயரிங், அவற்றைத் தாங்கும் நக்கிள், சில்லைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோவர் ஆர்ம், ஸ்ரியறிங்கை இயக்கும் ரை றொட் என்று ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இவை எதுவும் தெரியாத நான் முதலில் போனது ரயர் கடைக்கு. அங்கே இரண்டு சில்லுகளையும் கழற்றி, சமப்படுத்தும் இயந்திரத்தில் சுழற்றி, றிம்மின் உட்புறத்தில் ஈயக்கட்டிகளை ஒட்டி, நாற்பது நிமிடத்தில் திருப்பித் தந்தார்கள். அறுபது டொலர், காசாகத் தந்தால் வரி இல்லை என்றார் கடைக்காரர். பற்றுச்சீட்டு இல்லாத வேலைக்கு நாளை யாரிடம் போய் நியாயம் கேட்பது என்று எண்ணி, வரியோடே கட்டிவிட்டு வந்தேன். அன்று மாலை 401 நெடுஞ்சாலையில் 90 கிலோமீற்றரைத் தாண்டியதும் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கியது. நேரான பாதையில் வாகனம் நேராகத்தான் போனது, ஆனால் ஸ்ரியறிங்கின் நடுச்சின்னம் கடிகாரத்தில் பதினொரு மணியைக் காட்டியது. வளைந்த றிம்மைப் பாரம் ஒட்டிச் சரிசெய்ய முடியாது என்பதைக் கடைக்காரர் அறியாதவராக இருந்திருக்க முடியாது. பாரச் சமநிலை வேறு, வட்டம் வட்டமாக இருப்பது வேறு. என் ரயரின் சுற்றளவு ஏறக்குறைய இரண்டு மீற்றர் என்பதால், 100 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு ஒரு நொடிக்குப் பதினான்கு முறை சுழல்கிறது. அந்தச் சுற்றில் ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர் துருத்தினாலும் நொடிக்குப் பதினான்கு முறை அது கையில் வந்து தட்டும்.

வேலைத்தலத்தில் உடன் பணிபுரியும் நண்பர் ஒருவர் சொல்லித்தான் இரண்டாவது இடத்துக்குப் போனேன். வெளியே பலகை சிறியது. உள்ளே இரண்டு தூக்கிகள், சில்லுகளின் கோணங்களை அளந்து சரிசெய்யும் ஒரு அலைன்மன்ற் மேடை, ஒரு றிம் நிமிர்த்தும் அழுத்தி, சுவரோரமாகக் கூரை தொடும் உயரத்துக்கு அடுக்கிய ரயர்கள். உரிமையாளருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் றிம்மைக் காட்டி, “இதை நிமிர்த்த எவ்வளவு, அண்ணை?” என்று கேட்டபோது, மேலே சொன்னதுபோலக் கதவைத் திறந்து ஸ்ரியறிங்கைப் பார்த்துவிட்டு, “தம்பி, றிம் சின்னக் காசு. சில்லுக்குப் பின்னாலை என்ன வளைஞ்சிருக்கெண்டு பாக்காமல் நான் விலை சொல்லமாட்டன்” என்றார். பரிசோதனைக்கு அறுபது டொலர்; வேலையை அங்கேயே செய்வித்தால் அது கழிக்கப்படும். ரயர் கடையில் கொடுத்த அதே அறுபதுக்கு இங்கே கிடைத்தது ஒன்றரை மணி நேர விளக்கம்.

வாகனத்தைத் தூக்கியதும், அவர் முதலில் கண்டுபிடித்தது நான் கேட்டே இராத ஒரு தவறு. என் பனிக்கால ரயர்கள் பூட்டப்பட்டிருப்பது ஹொண்டாவின் சொந்த றிம்களில் அல்ல, விலை குறைந்த நகல் அலுமினிய றிம்களில். ஹொண்டாவின் றிம்முக்கு நட்டின் அடிப்பகுதி பந்துபோல உருண்டையாக இருக்க வேண்டும். நகல் றிம்களின் துளைகளோ கூம்பு வடிவ நட்டுக்காக வெட்டப்பட்டவை. நவம்பரில் ரயர் மாற்றியவர்கள் வாகனத்தோடு வந்த உருண்டை நட்டுகளையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். உரிமையாளர் ஒரு நட்டைக் கழற்றிக் கைவிளக்கின் கீழ் பிடித்துக் காட்டினார். அடிப்பகுதி முழுவதும் படிந்து தேய்ந்திருக்க வேண்டிய இடத்தில், மோதிரம்போல ஒரேயொரு மெல்லிய வளையம் மட்டும் பளபளத்தது. அந்த வளையத்தில்தான் முழுச் சில்லும் இரண்டு மாதமாகத் தொங்கியிருக்கிறது. இருபது நட்டுகளையும் நாற்பது டொலருக்கு மாற்றினார். பூட்டும்போது காற்றுத் துப்பாக்கியால் முடுக்கி அனுப்பிவிடாமல், முறுக்குமானியில் ஹொண்டா குறிப்பிடும் 108 நியூற்றன் மீற்றருக்கு ஒவ்வொன்றாக இறுக்கினார். நூறு கிலோமீற்றர் ஓடியபின் திரும்பி வந்து மறுபடி இறுக்கிக்கொண்டு போகும்படியும் சொன்னார். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

அடுத்து றிம்கள். ரயரைக் கழற்றிய றிம்மைச் சுழலியில் பூட்டி, விளிம்பில் முள்மானி ஒன்றைத் தொடவைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். பின் வல றிம்மில் முள் 2.3 மில்லிமீற்றர் அசைந்தது. அலுமினிய றிம்முக்கு ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால்தான் திருப்தி என்றார். வளைவு உட்புற விளிம்பில் மட்டுமே இருந்தது, ஆரக்கால்களிலோ நடுப்பகுதியிலோ இல்லை. ஆகவே அதை நிமிர்த்தலாம் என்று முடிவுசெய்தார். நீரழுத்தியால் ஒரேயடியாகத் தள்ளாமல், சிறிது தள்ளி, அளந்து, மீண்டும் சிறிது தள்ளி, 0.4 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்தார். இந்த வேலையில் அவசரக்காரர்கள் தீச்சுவாலையை வைத்துச் சூடாக்குவார்கள்; வார்ப்பு அலுமினிய றிம் வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்ற பொருள் என்பதால், கண்டபடி சூடாக்கினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். வாகனத் தயாரிப்பு நிறுவனங்கள் பல, றிம்மை நிமிர்த்துவதையும் ஒட்டுவதையும் சூடாக்குவதையும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும், விளிம்பில் மட்டும் உள்ள சிறு வளைவுக்குத்தான் தாம் கைவைப்பதாகவும் அவர் மறைக்காமல் சொன்னார். கேட்டபின் முடிவு என்னுடையதாக இருந்தது.

முன் றிம்மில் முள்மானி 1.6 மில்லிமீற்றர்தான் காட்டியது, அதாவது பின் றிம்மைவிடக் குறைவு. அதை நிமிர்த்திவிடச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் பதில் சொல்லாமல் றிம்மின் பின்பக்கத்தைத் துடைத்து, தகரக் குப்பியிலிருந்து சிவப்புச் சாயத்தைத் தெளித்து, தேநீர் குடிக்கப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்து வந்து, துணியால் சாயம் முழுவதையும் வழித்தெடுத்தார். றிம் மறுபடி சாம்பல் நிறமாகத் தெரிந்தது. பிறகு அதன்மேல் சுண்ணாம்புபோன்ற வெள்ளைப் பூச்சு ஒன்றைத் தெளித்தார். சில நொடிகள் எதுவும் நடக்கவில்லை. அப்புறம், ஒரு ஆரக்கால் றிம்மின் உடலோடு சேரும் மூலையில், வெள்ளையின் நடுவே தலைமயிர் அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு கசிந்து எழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கவே அது மூன்று சென்ரிமீற்றருக்கு நீண்டது. வெடிப்புக்குள் புகுந்திருந்த சாயத்தை வெள்ளைப் பூச்சு உறிஞ்சி வெளியே கொண்டுவருகிறது. வெறுங்கண்ணுக்கு அந்த இடத்தில் எதுவும் இல்லை. ரயர் கடையில் இதே றிம்முக்குத்தான் ஈயம் ஒட்டி நெடுஞ்சாலைக்கு அனுப்பினார்கள்.

வெடிப்பை ஒட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். நான் தொலைபேசியில் விசாரித்த இன்னொரு இடத்தில் படத்தைக்கூடப் பார்க்காமல் நூறு டொலர் என்றார்கள். இவரோ ஆரக்காலின் அடியில் உள்ள வெடிப்பைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாரம் முழுவதும் ஏறியிறங்கும் இடம் அது. ஒட்டும் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் மென்மையாகிவிடும். ஒட்டு நிலைத்தாலும் அதற்குப் பக்கத்தில் புதிய வெடிப்பு பிறக்கும். அதே நகல் றிம் புதிதாகவே 145 டொலருக்குக் கிடைக்கும்போது, ஒட்டுவதைப் பற்றி யோசிப்பதே வீண் என்பதை நானும் ஏற்றுக்கொண்டேன். இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று: பனிக்காலச் சில்லுக்கு அழகான அலுமினிய றிம் எதற்கு என்று அடுத்த முறை கட்டாயம் யோசிப்பேன். கறுப்பு இரும்பு றிம் வளையும், ஆனால் இலகுவில் வெடிக்காது. வளைந்தாலும் விலை குறைவு. தெருவில் கொட்டும் உப்பு அதைத் தின்றாலும் மனம் வருந்தாது.

ரயரைக் கழற்றியபோதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. முன் வல ரயரின் உட்பக்கச் சுவரில் பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. உள்ளேயிருக்கும் நூல்கள் அறுந்து, இறப்பர் மட்டும் காற்றைத் தாங்கிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது. அதற்குத் திருத்தம் கிடையாது, தூக்கி எறிய வேண்டியதுதான். உட்பக்கத்தில் இருந்ததால் வெளியே நின்று எத்தனை முறை பார்த்திருந்தாலும் தெரிந்திராது. ஒரு ரயரா இரண்டா என்ற கேள்வியில் இவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். மற்ற ரயர்களின் பூவை, அதாவது பாதையைப் பற்றும் வரிப்பள்ளங்களின் ஆழத்தை, அளந்து பார்த்தார், 6.5 மில்லிமீற்றர் இருந்தது. புதியது 8 மில்லிமீற்றர். முன்சில்லு மட்டும் இழுக்கும் வாகனத்தில் இந்த வித்தியாசம் பொறுக்கத்தக்கது என்று ஒரு ரயரை மட்டுமே விற்றார். நான்கு சில்லும் இழுக்கும் வாகனமாக இருந்திருந்தால் நான்கையும் மாற்றச் சொல்லியிருப்பேன் என்றார். அவ்வகை வாகனங்களில் ரயர்களின் சுற்றளவு வேறுபட்டால் இடையிலுள்ள பற்சக்கரத் தொகுதி ஓயாமல் உழைத்துச் சூடாகிவிடும். பனிக்கால ரயரின் பூ 4 மில்லிமீற்றருக்குத் தேய்ந்தால் அதைப் பனியில் பாவிக்க வேண்டாம் என்பது கனடாவின் போக்குவரத்துத் துறை தரும் அறிவுரை. என் ரயர்களுக்கு இன்னும் ஒரு பருவம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி அலைன்மன்ற் மேடையில் நடந்தது. நான்கு சில்லுகளிலும் தகடுகளை மாட்டி அளந்தபோது, முன் இடச் சில்லின் கேம்பர், அதாவது சில்லு நிமிர்ந்து நிற்கும் கோணம், மைனஸ் 0.2 பாகை, முன் வலச் சில்லில் பிளஸ் 1.6 பாகை. பலர் இந்த எண்ணைச் சிவப்பில் அச்சிட்டுத் தந்து, திருப்பக்கூடிய கோணத்தை மட்டும் திருப்பி, ஸ்ரியறிங்கை நடுவுக்குக் கொண்டுவந்து அனுப்பிவிடுவார்கள். வாகனம் நேராகப் போகும், உரிமையாளரும் மகிழ்ச்சியோடு போவார், ஆறு மாதத்தில் ரயரின் வெளிவிளிம்பு வழுக்கையாகிவிடும். இவர் சொன்ன தர்க்கம் வேறு. இந்த வாகனத்தின் முன்பக்கத்தில் கேம்பரைத் திருப்புவதற்கான ஆணியே கிடையாது. திருப்ப முடியாத ஒரு கோணம் மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்க வேண்டும். இரண்டு பக்க லோவர் ஆர்ம்களையும் ஒரே புள்ளிகளில் அளந்து ஒப்பிட்டு, வலப்பக்கத்து ஆர்ம் வளைந்திருப்பதைக் காட்டினார். அதை மாற்றியபின் கேம்பர் மைனஸ் 0.4 பாகைக்கு வந்தது. முன்னும் பின்னும் எடுத்த இரண்டு அச்சுத் தாள்களையும் பற்றுச்சீட்டோடு இணைத்துத் தந்தார்; அலைன்மன்ற் செய்தோம் என்று வாயால் மட்டும் சொல்பவர்களிடம் அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், தேடிப் படிப்பவர்களுக்கு அதுதான் வேண்டியிருக்கும். எழுத்தில் தந்த விலைமதிப்பீடு வரிக்கு முன் 930 டொலர். அதில் றிம் 145, ரயர் 165, அதைப் பூட்டிச் சமப்படுத்த 25, பின் றிம்மை நிமிர்த்த 130, அதைச் சமப்படுத்த 20, லோவர் ஆர்ம் 155, அதை மாற்றும் கூலி 140, நட்டுகள் 40, அலைன்மன்ற் 110. ஆர்மைக் கழற்றியபின் ரை றொட்டின் நுனியும் வளைந்திருப்பது தெரிந்தது. உடனே என்னை அழைத்து, படமும் அனுப்பி, பொருளும் கூலியுமாக 105 டொலர் கூடும் என்று சொல்லி, நான் சம்மதித்த பிறகே கைவைத்தார். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விலைமதிப்பீட்டைவிடப் பத்து வீதத்துக்குமேல் கூட்டி அறவிட முடியாது. இந்தத் தொகை அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியதால் அவர் அழைத்தே ஆக வேண்டியிருந்தது. ஆனால், சட்டம் இருக்கிறது என்பதற்காக எல்லோரும் அழைப்பதில்லை. மொத்தம் 1,035 டொலர். 13 வீத வரியோடு 1,169 டொலர் 55 சதம்.

காப்புறுதியிடம் போகவில்லை. என் மோதல் காப்பீட்டில் முதல் ஆயிரம் டொலர் என் பொறுப்பு. மீதி 169 டொலருக்காக, தனியே போய்க் கல்லில் மோதிய விபத்தை என் தவறாகப் பதிவுசெய்ய வைத்து, வருடக்கணக்கில் கூடுதல் கட்டணம் கட்டுவது புத்திசாலித்தனம் அல்ல. யாருக்கும் காயமில்லை, பிறருடைய சொத்துக்கோ நகரசபையின் கம்பத்துக்கோ சேதமில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஒன்ராறியோவில் சொத்துச் சேதம் மட்டுமுள்ள விபத்தைப் பொலிஸில் அறிவிப்பதற்கான எல்லை 5,000 டொலராக உயர்ந்திருப்பதால், அந்த வேலையும் இருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு முகவர் நிலையத்திலும் விலை கேட்டேன். இரண்டு அசல் றிம்களோடு இதைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது. அவர்கள் றிம்மை நிமிர்த்துவதே இல்லை, மாற்றுவதுதான். புதிய வாகனமாக இருந்தால் அதுவே சரியான வழி என்பேன்.

இனிக் குறைகள். முதலாவது, தொலைபேசி. அது ஒலிக்கும், எடுக்கமாட்டார்கள். ஐந்து முறை அழைத்து, ஆறாவது முறை நேரில் போனேன். நான் நிற்கும்போதும் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது, நாட்கணக்கு. இரண்டு நாள் என்று சொன்ன வேலை நான்கு நாளாயிற்று. ஆர்ம் வரத் தாமதம் என்றால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்; கூடுதல் செலவுக்கு அழைக்கத் தெரிந்தவருக்குக் கூடுதல் நாளுக்கும் அழைக்கத் தெரிய வேண்டும். மூன்றாவது, விலைமதிப்பீட்டை முதலில் வாயால்தான் சொன்னார். எழுதித் தாருங்கள் என்று நான் இரண்டு முறை கேட்ட பிறகு, “எழுதினாலும் எழுதாட்டியும் விலை ஒண்டுதான்” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். இவருடைய வாய்ச்சொல் நம்பத்தகுந்தது என்றே இப்போது நினைக்கிறேன். ஆனாலும் முதல் தடவை வருபவருக்கு அது எப்படித் தெரியும்?

நான்காவது, பூச்சு. நிமிர்த்திய பின் றிம்மின் உரசிய இடத்தில் வெறும் அலுமினியம் வெளியே தெரிந்தால் உப்பு அதை அரித்து, நாளடைவில் ரயரின் ஓரத்தால் காற்றுக் கசியும் என்பதால், அந்த இடத்தைத் தேய்த்துப் பூச்சிட்டுத் தந்தார். இது தேவையான வேலை. தனியாகப் பணமும் கேட்கவில்லை. ஆனால் நிறம் பொருந்தவில்லை. றிம் கருஞ்சாம்பல், ஒட்டுப்போட்ட இடம் வெள்ளி. பத்தடி தூரத்திலிருந்தே தெரிகிறது. முழு றிம்மையும் மறுபூச்சிட 95 டொலர் என்றார், பனிக்காலச் சில்லுக்கு அது வீண்செலவு என்று நான்தான் மறுத்தேன். ஆகையால் இதில் பாதிப் பழி என்னுடையது. காத்திருப்போருக்கு ஒரேயொரு கதிரை இருப்பதையும், அதன் கீழே திருத்தகத்துப் பூனை படுத்திருப்பதையும் குறையாக எழுதலாமா என்று தெரியவில்லை. ஜனவரிக் குளிரில் கதவைத் திறந்து மூடும் இடத்தில் அந்தப் பூனை மட்டுமே வெதுவெதுப்பாக இருந்தது.

ஐந்தாவதைக் குறை என்பதா, இல்லையா என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். ஏப்ரல் நடுப்பகுதியில், 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டினால் தொலைவில் விமானம் பறப்பதுபோன்ற ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. இடப்பக்கம் வளையும்போது அது கூடியது. வலப்பக்கம் வளையும்போது அடங்கியது. இடப்பக்கம் வளைந்தால் பாரம் வலச் சில்லுக்கு மாறும் என்பதால், முன் வலப் பெயரிங் என்பது எனக்கே விளங்கிவிட்டது. பக்கத்து அடியில் பெயரிங்கின் குண்டுகள் தாம் ஓடும் தடத்தில் ஊசிமுனைபோன்ற பள்ளங்களைப் பதித்துவிடும். அன்றைக்குச் சத்தம் வராது, ஓட ஓடத்தான் பள்ளம் பெரிதாகிக் குரல் எழுப்பும். கோபத்தோடுதான் போனேன். அவர் ஒன்றும் பேசாமல் ஜனவரிப் பற்றுச்சீட்டின் அடியை விரலால் தொட்டுக் காட்டினார். “முன் வலப் பெயரிங்: இப்போது ஆட்டமும் சத்தமும் இல்லை, அடி பட்டது, சத்தம் வந்தால் கொண்டுவரவும்” என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது. ஒன்ராறியோவில் வாகனத் திருத்தத்துக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் சட்டப்படி உண்டு. ஆனால் அது மாற்றிய பொருளுக்கும் செய்த வேலைக்குமே தவிர, தொடாத பெயரிங்குக்கு அல்ல. கூலியோடு 260 டொலர் கட்டினேன். ஜனவரியிலேயே மாற்றியிருந்தால் ஏற்கெனவே கழற்றிக் கிடந்த சில்லில் கூலி மிச்சமாகியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். சத்தமில்லாத பெயரிங்கை மாற்றச் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைக் கள்ளன் என்று நினைத்திருப்பீர்கள் என்றார். நினைத்துத்தான் இருப்பேன்.

அதன்பின் ஏறக்குறைய 6,000 கிலோமீற்றர் ஓடியாயிற்று. நெடுஞ்சாலையில் ஸ்ரியறிங் நேராக, நடுக்கமின்றி நிற்கிறது. கோடைக்கால ரயர்களைப் பூட்டியபோது பனிக்கால ரயர்களின் தேய்வைப் பார்த்தேன். உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே அளவில் இருக்கின்றன. கழற்றிய பொருட்கள் வேண்டுமென்று வேலை தொடங்குமுன்பே சொல்லி வைத்திருந்ததால், வெடித்த றிம்மையும் வளைந்த ஆர்மையும் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். றிம்மில் அந்தச் சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை. நிலவறையில் அதைப் பார்க்கும் ஒவ்வொரு விருந்தாளியும் இதிலென்ன பழுது என்று கேட்கிறார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: இதைப்போன்ற சிறிய திருத்தகங்களில் முதற்பனி விழும் வாரத்திலும் உறைமழைக்கு மறுநாளும் வரிசை தெருவரைக்கும் நீளும். தொலைபேசியை நம்பாமல் காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போதே நேரில் போய்விடுங்கள். ஸ்ரியறிங் சாய்ந்திருந்தால், அல்லது திருப்பும்போது ஏதும் உரசினால், ஓட்டிக்கொண்டு போகாமல் இழுவை வண்டியில் கொண்டுபோங்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். முணுமுணுப்பார், ஆனால் தருவார்.